லெட்டர்பாக்ஸ்டு: ஸ்டார் தனி, ஹார்ட் தனி

எந்தப் படம் பெரிய படம் என்று எங்கள் கூட்டத்துக்குள் நடக்கிற சண்டைக்கு வயது அதிகம். அந்தச் சண்டைக்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தது லெட்டர்பாக்ஸ்டு செயலி. அந்த நன்றியோடுதான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2011இல் ஆரம்பித்தது இது. பார்த்த படத்தைத் தேதியோடு டைரியில் குறித்துக்கொள்ளலாம். அரை ஸ்டாரில் தொடங்கி ஐந்து ஸ்டார் வரை கொடுக்கலாம். அதாவது மொத்தம் பத்துப் படிகள். விமர்சனம் எழுதலாம், பட்டியல் போடலாம். நண்பர்கள் என்ன பார்த்தார்கள், எத்தனை ஸ்டார் கொடுத்தார்கள் என்பது உடனுக்குடன் தெரியும். இணையதளமாகவும் இருக்கிறது, போனிலும் இருக்கிறது. கணக்குத் தொடங்கக் காசு கிடையாது.

இதையெல்லாம் செய்யும் தளங்கள் வேறும் உண்டு. ஐஎம்டிபி 1990 முதல் இருக்கிறது, அங்கே ஒன்றிலிருந்து பத்து வரை மார்க். அப்படியிருக்க இந்தச் செயலியை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம், ஸ்டாருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஹார்ட் பட்டன். ஸ்டாரும் ஹார்ட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இரண்டு ஸ்டார் கொடுத்த படத்துக்கு ஹார்ட் போடலாம். நாலரை ஸ்டார் கொடுத்துவிட்டு ஹார்ட் போடாமலும் விடலாம்.

கேட்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் பேக்கரி வாசலில் நாங்கள் கத்திக்கொண்டிருந்ததில் பாதி இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்தது. "இது நல்ல படமா?" என்று ஒருவர் கேட்பார், "எனக்குப் பிடிக்கும்" என்று இன்னொருவர் பதில் சொல்வார். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. டீ ஆறிப்போகும் வரை இழுத்துக்கொண்டே போவோம்.

எங்கள் கூட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையத்தில் எனக்கு உரக்கடை. கவுந்தப்பாடி மாப்பிள்ளை நாட்டுச்சர்க்கரை வியாபாரம். நம்பியூர் பங்காளி திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார். நான்காவது ஆள் ஆபரேட்டர் அண்ணன். பிலிம் ரோல் காலத்தில் சுத்துப்பட்டுத் தியேட்டர்களில் புரொஜெக்டர் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட நாலு டீ, ஒரு தேங்காய் பன்னைப் பங்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிவிடும்.

இந்த ஊரில் சினிமாச் சண்டைக்குப் பஞ்சமே இருக்காது. கோபியை மினி கோடம்பாக்கம் என்று சொல்கிற அளவுக்கு இங்கே ஷூட்டிங் நடந்திருக்கிறது. பாக்யராஜ் பிறந்த வெள்ளாங்கோயில் பக்கத்தில்தான். அவருடைய ‘முந்தானை முடிச்சு’ 1983இல் வந்தது, எடுத்ததும் இந்தப் பக்கத்தில்தான். திரையில் எங்கள் பக்கத்துக் கொடிவேரி அணைத் தண்ணீர் தெரிந்தால் போதும், மாப்பிள்ளைக்கு அரை ஸ்டார் கூடிவிடும். முன்பெல்லாம் அதற்காக அவரைப் பிடித்து உலுக்குவோம். இப்போது ஊர்ப்பாசத்தை ஹார்ட்டில் போடச் சொல்லிவிட்டோம், ஸ்டார் படத்துக்கு மட்டும். அவரும் ஒத்துக்கொண்டார். டைரியில் அவர் கொடுத்த ஸ்டார்களை வரிசையாகப் பார்த்தால், அன்றைக்கு முதல் அவர் கை கொஞ்சம் இறுகியிருப்பது தெரிகிறது.

ஆபரேட்டர் அண்ணனின் மார்க் போடும் முறை தனி. கேபினில் இருந்த சின்ன ஓட்டை வழியாக அவர் திரையைப் பார்த்ததைவிடக் கூட்டத்தைப் பார்த்ததுதான் அதிகம். பாட்டு ஆரம்பித்ததும் எத்தனை தலை எழுந்து கேண்டீன் பக்கம் போகிறது, ரீல் மாறும் நேரத்தில் ஒரு விநாடி இருட்டானால் கூட்டம் எவ்வளவு சத்தமாக விசிலடிக்கிறது, இதெல்லாம்தான் அவருக்குக் கணக்கு. விசில் பலமாக இருந்தால் படம் பிடித்துப்போயிருக்கிறது என்று அர்த்தமாம். பிடிக்காத படத்தில் இருட்டானால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்களாம்.

மாப்பிள்ளை ஒரு நாள் அவரைக் கேட்டேவிட்டார்: "ஏனுங்ணா, உங்க காலத்துப் படத்துக்கு நாலு ஸ்டாருக்குக் கொறைச்சுப் போடவே மாட்டீங்களாக்கு?"

"ஆள் எந்திரிச்சுப் போன படத்துக்கெல்லாம் ரெண்டுதான் போட்டிருக்கறேன், போய்ப் பாரு" என்றார் அண்ணன். போய்ப் பார்த்தோம். அப்படியேதான் இருந்தது.

அடுத்து சராசரி. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு சராசரி மார்க் இருக்கும். எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். அதைப் பார்க்காதீர்கள் என்பேன். நாலு பேரில் இரண்டு பேர் ஐந்து ஸ்டார், இரண்டு பேர் ஒரு ஸ்டார் கொடுத்தால் சராசரி மூன்று. நாலு பேரும் மூன்று கொடுத்தாலும் சராசரி மூன்றுதான். முதல் படத்தைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்கப் பேசலாம். இரண்டாவது படம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துபோகும். சராசரியில் இரண்டும் ஒன்று. ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அரை ஸ்டாருக்கு எத்தனை பேர், ஒன்றுக்கு எத்தனை பேர் என்று சின்னச் சின்னக் கம்பமாக ஒரு வரைபடம் இருக்கிறது. கம்பங்கள் இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால் அந்தப் படத்தை உடனே பார்த்துவிடுவேன். சண்டை போட விஷயம் இருக்கும் படம் அது. இந்த வரைபடத்துக்காக மட்டுமே இந்தச் செயலியைச் சிபாரிசு செய்யலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் வைப்பது வரிசைப் பட்டியலை. படங்களைச் சும்மா அடுக்கி வைக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டும் அடுக்கலாம். ஸ்டார் கொடுப்பதில் யாருக்கும் சிரமமில்லை, பிடித்த இருபது படத்துக்கும் ஐந்து ஸ்டார் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். எண் போட உட்கார்ந்தால் தப்பிக்க வழியில்லை. இதற்கு மேலே அது, அதற்குக் கீழே இது என்று சொல்லியே ஆக வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து ரசனை கூர்மையாவது அந்த இடத்தில்தான்.

நாங்கள் ஐம்பது படங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறோம், செயலியில் என் கணக்குக்குள். புதுப்படம் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் அதை எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. நேராக 25ஆவது படத்தோடு மோதவிடுவோம். இதைவிட அது பெரிதா? ஆமாம் என்றால் 12ஆவதோடு, இல்லை என்றால் 38ஆவதோடு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஆறு கேள்விக்குள் அதன் இடம் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கேட்பது இரண்டு படங்களுக்கு நடுவே மட்டும் என்பதால் பேச்சு எங்கேயும் சிதறுவதில்லை. இந்த முறையைக் கொண்டுவந்தவர் பங்காளி. நண்பர்கள் கூட்டமாகப் பட்டியல் போட நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்னொரு விதியும் உண்டு. பொங்கலுக்கு வந்த படத்துக்குப் பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதித் திருவிழா, முடியும் வரை பட்டியலில் இடமில்லை. பொங்கல் தையில், குண்டம் பங்குனியில். முதல் நாள் விசில் சத்தமெல்லாம் காதிலிருந்து இறங்க அந்த இடைவெளி தேவைப்படுகிறது. ஸ்டாரை அன்றைக்கே போடலாம், அப்புறம் மாற்றிக்கொள்ளவும் செயலி விடுகிறது. மறுபடி பார்த்தால் மறுபார்வை என்று குறித்துப் புதிதாக மார்க் போடலாம். பழைய தேதியில் போட்ட மார்க் டைரியில் அப்படியே நிற்கும்.

பட்டியலில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தனிக்குறிப்பு எழுத இடம் தந்திருக்கிறார்கள். பலரும் இதைக் கவனிப்பதில்லை. எங்களுக்கு இது பெரிய உதவி. ‘கொங்குச் சீமைப் படங்கள்’ என்று ஒரு பட்டியல் தொடங்கியபோது 1992இல் வந்த ‘தேவர் மக’னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய பிரச்சினை கிளம்பியது. எடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். கதை நடப்பதோ தென் சீமையில், பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சு. மண் நம்முடையது, சேர்க்கலாம் என்றார் மாப்பிள்ளை. பேச்சு நம்முடையதில்லை, சேர்க்கக் கூடாது என்றார் பங்காளி. எனக்குப் பங்காளி சொன்னதுதான் சரி என்று பட்டது. ஒரு படம் எந்தச் சீமையுடையது என்பதை அதில் வரும் ஆட்கள் வாயைத் திறந்ததும் சொல்லிவிடலாம், தென்னந்தோப்பை வைத்துச் சொல்ல முடியாது. கடைசியில் இரண்டு பட்டியலாகப் பிரித்தோம்: இங்கே எடுத்தவை ஒன்று, இங்கத்திய வாழ்க்கையைச் சொன்னவை ஒன்று. எந்தக் காட்சி எந்த இடத்தில் எடுத்தது என்பதை எங்களுக்குத் தெரிந்த வரைக்கும் குறிப்பில் எழுதிக்கொண்டு வருகிறோம்.

பழைய படங்கள் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை தேவை. இந்தச் செயலிக்குப் படத் தகவல்கள் டிஎம்டிபி என்ற பொதுத் தளத்திலிருந்து வருகின்றன. அதில் யார் வேண்டுமானாலும் தகவல் சேர்க்கலாம். தமிழ்ப் படப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவதால் தேடினால் சில சமயம் சிக்காது. இயக்குநர் அல்லது நடிகர் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து எடுப்பது சுலபம். ‘மலைக்கள்ளன்’ 1954இல் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த படம். கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் கலைஞர், நாயகன் எம்.ஜி.ஆர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். நாயுடு அதே கதையை இந்தி உட்பட மற்ற மொழிகளிலும் எடுத்தார். இவ்வளவு பெருமையுள்ள படத்துக்கு அங்கே மார்க் போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். நிறையப் பேர் பார்த்த படங்களே மேலே வரும் என்பதால் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. பழைய படம் பார்க்கிறவர்கள் தயவுசெய்து இரண்டு வரியாவது எழுதுங்கள். அண்ணன் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் செயலிக்குள் அடங்காத விஷயங்களும் உண்டு. நம் ஆட்கள் படத்தை முழுசாக எடுத்துக்கொண்டு மட்டும் சண்டை போடுவதில்லை. காமெடி டிராக்கைத் தனியாக, பாட்டைத் தனியாக, இடைவேளைக் காட்சியைத் தனியாக எடுத்துப் பேசுவோம். உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்த கவுண்டமணியின் காமெடி வரிக்கு வரி மனப்பாடமாக இருக்கும், படத்தின் பெயர் நினைவில் இருக்காது. படம் ஒன்றரை ஸ்டார், காமெடி ஐந்து ஸ்டார் என்றால் இங்கே எப்படிப் பதிவது? ஒன்றரை ஸ்டாரும் ஒரு ஹார்ட்டும் போட்டு, விமர்சனத்தில் அந்தக் காட்சியை எழுதி வைக்கிறோம். அதைக்கொண்டு திருப்திப்பட்டுக்கொள்ள முடிகிறது.

டிவி தொடர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை, சில குறுந்தொடர்கள் மட்டும் உண்டு. ‘மெட்டி ஒலி’ மேலேயா ‘மர்மதேசம்’ மேலேயா என்பதை நோட்டில் எழுதித்தான் தீர்க்கிறோம். எனக்கு ‘மர்மதேசம்’. வீட்டில் கேட்டால் வேறு பதில் வரும்.

கேம் பைத்தியங்களுக்கு பேக்லாக்டு என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அதே அரை ஸ்டார் முறைதான். பங்காளிக்கு அதில் ஆர்வம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய வைஸ் சிட்டி அவர் பட்டியலில் முதலிடம். பப்ஜி எங்கே என்று கேட்டேன். 2020 செப்டம்பரில் தடை வந்து, அடுத்த வருஷம் வேறு பெயரில் திரும்பி வந்தபோது கூட ஆடிய செட்டு கலைந்துபோயிருந்ததாம். கேமுக்கு மார்க் போடுவதா, செட்டுக்கு மார்க் போடுவதா என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

காசு விஷயம். இலவசக் கணக்கில் விளம்பரம் வரும், ஆனால் டைரி, ஸ்டார், பட்டியல் எல்லாம் உண்டு. நீங்கள் பதிந்ததை மொத்தமாகக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைச் செய்யுங்கள். சந்தா கட்டினால் விளம்பரம் போய்விடும். எந்த இயக்குநர் படம் அதிகம் பார்த்தீர்கள், எந்த மாதம் எத்தனை பார்த்தீர்கள் என்ற புள்ளிவிவரப் பக்கமும் கிடைக்கும். புதிதாகச் சேர்கிறவர்கள் எடுத்ததும் சந்தா கட்ட வேண்டாம். முதலில் சுயவிவரப் பக்கத்தில் மிகவும் பிடித்த நான்கு படங்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், அதை நிரப்புங்கள். நண்பர்களோடு உட்கார்ந்து நிரப்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே சரியாகிவிடும். அப்புறம் ஒரு வருஷம் விடாமல் டைரி எழுதுங்கள். சந்தாவைப் பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும், புள்ளிவிவரப் பக்கத்தில் பார்க்க அப்போதுதான் ஏதாவது இருக்கும்.