ஆளுமைக் கேள்வித்தாள்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

நான் பயன்படுத்துவது ஐபிஐபி-நியோ என்ற இலவசக் கேள்வித்தாள். 120 கேள்விகள், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். 2020-இல் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் முதலில் செய்தேன். அப்புறம் அவ்வப்போது திரும்பச் செய்து பழைய அறிக்கையோடு ஒப்பிட்டு வருகிறேன். அப்போது சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். இப்போது அதே துறையில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். இந்த மாற்றத்தில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்கு முன்பு, வேறொரு வேலையிடத்தில் எம்பிடிஐ என்ற, ஆட்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் ஆளுமைக் கேள்வித்தாளைச் செய்ய வைத்தார்கள். என் வகையைக் குறிக்கும் நான்கு எழுத்து கிடைத்தது. முதல் எழுத்து 'ஐ', அதாவது உள்நோக்கு. கொஞ்ச நாளில் "அவங்க 'ஐ' டைப், வாடிக்கையாளர்கிட்ட அனுப்ப வேணாம்" என்று பேச ஆரம்பித்தார்கள். அது எனக்கு உண்மையிலேயே வலித்தது. ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எம்பிடிஐ அமைப்பினரே சொல்கிறார்கள். நடுக்கோட்டை ஒட்டி இருப்பவருக்கும் ஓரத்தில் இருப்பவருக்கும் ஒரே எழுத்தைத் தருவதுதான் அதில் எனக்குப் பெரிய குறை.

ஐபிஐபி-நியோ வகை பிரிப்பதில்லை. வெளிநோக்கு, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சித் தத்தளிப்பு, புதியவற்றில் நாட்டம் என்று ஐந்து பண்புகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு உட்கூறுகள். விஷயம் இருப்பது உட்கூறுகளில்தான். என் வெளிநோக்கு மொத்தத்தில் நடுத்தரம். அதை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. உள்ளே போனால் சிநேகம் மிக உயரம், முன்னின்று பேசி வலியுறுத்தும் குணம் மிகக் குறைவு. வாடிக்கையாளர்கள் என்னிடம் நன்றாகப் பழகியும் விலை பேசும் இடத்தில் நான் ஏன் களைத்துப் போனேன் என்பது அன்றைக்குத்தான் தெளிவானது.

எண்களைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. 20 என்று வந்தால் தோல்வி இல்லை. சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் 2020 வரை இருந்த டி-ஸ்கோர் போல, இதுவும் மற்றவர்களோடு ஒப்பிட்ட எண். உங்கள் வயதும் பாலினமும் உள்ளவர்களில் கீழ் 30 விழுக்காட்டினரைக் குறைவு என்றும், மேல் 30 விழுக்காட்டினரை உயர்வு என்றும் அறிக்கை குறிக்கும். குறைவு என்பது கெட்டது ஆகாது.

அடக்கம் பற்றிய கேள்விகள் நம் வீடுகளில் வளர்ந்தவர்களைச் சோதிக்கும். "நான் மற்றவர்களைவிடச் சிறந்தவள்" என்பதற்கு ஆம் என்று குறிக்கக் கை வராது. அதனால் என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் என்னைப் பற்றி நிரப்பச் சொல்வது வழக்கமாகிவிட்டது. என் அக்கா நிரப்பிவிட்டுச் சொன்னார்: "மீட்டிங்ல நீ வாயே திறக்க மாட்டேன்னு சொல்றே. ஆனா புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாம் சந்தேகம்னா உன்கிட்டதானே வர்றாங்க?" பயிற்சி வேலை என்ற எண்ணம் அந்தப் பேச்சிலிருந்து முளைத்தது.

இன்னொரு வழியும் நல்ல பலன் தந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் "வேலையிடத்தில்" என்று மனத்துக்குள் சேர்த்துக்கொண்டு ஒருமுறை பதில் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் விடைகள் வேலைச் செயல்பாட்டோடு கூடுதலாகப் பொருந்துவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எனக்கு வீட்டு ஒழுங்கும் அலுவலக ஒழுங்கும் வேறு வேறாக வந்தன.

ஆனால் குணம் தெரிந்துவிட்டால் வேலை தெரிந்துவிடாது. எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்று அறிய, உளவியலாளர் ஹாலண்டின் ஆறு வகைக் கேள்வித்தாள் தனியாக வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு தொழில் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். அவர் எண்களை அதிகம் பார்க்கவில்லை. "இதுக்கு வேலையில நடந்த உதாரணம் ஒண்ணு சொல்லுங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நேர்காணலுக்கு நான் கொண்டுபோனது அந்த உதாரணங்களைத்தான்.

இத்தனை ஆண்டுகளில் என் பதற்றம் அதிகம் அசையவில்லை. வலியுறுத்தும் குணம் மெல்ல ஏறியிருக்கிறது. சின்ன ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்: 120 கேள்வி வடிவத்தில் ஓர் உட்கூறுக்கு நான்கு கேள்விகளே இருக்கின்றன. வேலை மாற்றம் போன்ற முடிவு முன்னால் நின்றால் 300 கேள்வி வடிவத்தைச் செய்யுங்கள். அதில் உட்கூறுக்குப் பத்துக் கேள்விகள். நேரம் கூடுதலாகும் என்பதால் அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வசதி.