கையால் சுழற்றும் வானொலி: ஒரு மாரிகாலப் பாவனைக்குப் பின்

திருகோணமலைக் கடற்கரையோரம் குடியிருக்கும் எங்களுக்கு 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது எந்த முன்னறிவித்தலும் கிடைக்கவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நகருக்கு வடக்கே கரையைக் கடந்தபோதோ, அறிவித்தல்கள் இருந்தும், மின்சாரம் நின்று கைபேசியும் அணைந்துவிட்டால் அவற்றை எப்படிக் கேட்பது என்ற கவலையே பெரிதாக இருந்தது. அதனால்தான் கைப்பிடியைச் சுழற்றி மின்னேற்றக்கூடிய, மின்சூளும் இணைந்த இந்தச் சிறிய வானொலியை நகரக் கடையொன்றில் வாங்கினேன்.

ஒரு நிமிடம் சுழற்றினால், ஒலியைக் குறைத்து வைத்து ஏறத்தாழ ஐந்து நிமிடம் கேட்கலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை முழுமையாகக் கேட்க அது போதும். மேலுள்ள சூரியத் தகடு மாரிகால மப்பில் உதவவில்லை. என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று: உப்புக் காற்றில் அலைவாங்கிக் கம்பியின் அடிமூட்டு மூன்றாம் மாதமே பச்சை பூத்து, ஒலி முழுவதும் இரைச்சலாகிவிட்டது. தையல் இயந்திர எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்த பின்னரே தெளிந்தது. கைப்பிடியின் பிளாஸ்டிக் பிணைப்பும் மெலிது என்பதால் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். இத்தனை குறைகளோடும் இதை வாங்கச் சொல்வேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அதன் பின்புறம் எழுதி ஒட்டி, அடையாள அட்டைப் பிரதிகளும் மருந்துகளும் உள்ள பையிலேயே வைத்திருக்கிறேன்.