பழைய காருக்கு ஆர்.பி.எம். மீற்றர்: எதை வாங்குவது, எங்கே வயர் கொடுப்பது

என்னுடைய பழைய டொயோட்டா கே.ஈ.70 கொரோல்லாவின் டாஷ்போட்டில் ஸ்பீடோ இருக்கிறது, பெற்றோல் மீற்றர் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது (ஆர்.பி.எம்.) என்று சொல்லத்தான் ஒன்றும் இல்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே இழுக்கலாமா, இரண்டுக்கு இறங்க வேண்டுமா என்பதைக் காதை நம்பித்தான் முடிவு செய்ய வேண்டும். கார்பரேட்டரில் ஐட்ல் (அக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) வைக்கும்போதும் அதே பாடு. இந்தக் குறைக்கு மருந்து தேடி, கொழும்பில் பழைய கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் மூன்று நான்கு வகை மீற்றர்கள் முன்னால் வந்து விழும். எல்லாம் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரியும். ஆனால் சிக்னலை எங்கிருந்து எடுக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

முதலாவது, நிறம் மாறும் வெளிச்சத்தோடு வரும் புதிய எலக்ட்ரோனிக் மீற்றர். மலிவு, பொருத்துவதும் சுலபம். பின்புறத்தில் 4, 6, 8 சிலிண்டருக்கான சிறிய சுவிச் இருக்கும். அதைப் பார்க்காமல் பூட்டிவிட்டு மீற்றர் பழுது என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி. சுவிச் 6இல் கிடந்தால் மூன்று பொறியை ஒரு சுற்றாக எண்ணும். உண்மையில் 900இல் ஓடும் எஞ்சினை 600 என்று காட்டும். இந்த வகையில் எனக்குப் பிடிக்காதது வெளிச்சம். இரவில் கொழும்பின் காலி வீதியில் ஓடும்போது கண்ணைக் குத்தும்.

இரண்டாவது, பாவித்த விடிஓ அல்லது ஸ்மித்ஸ் கம்பனி மீற்றர். எனக்குப் பிடித்தது இதுதான். டயல் நிதானமாக இருக்கும், பழைய டாஷ்போட்டுக்கு உறுத்தாது. ஸ்மித்ஸ் வாங்கும்போது மட்டும் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய ரகத்தில் சாவி சுவிச்சிலிருந்து கொயிலுக்கு (பிளக்கில் பொறி வர உயர் வோல்ற்று தரும் பாகம்) போகும் வயரையே வெட்டி, மீற்றருக்கு ஊடாக விட வேண்டும். அது கரண்டை உணர்ந்து எண்ணுகிறது. கொயிலின் கரண்டை வெட்டிவிடும் பொயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரோனிக் இக்னிஷன் போட்ட கார்களில் இது பெரும்பாலும் சரிவராது. பிந்திய ரகம் கொயிலின் மைனஸ் முனையில் ஒரு வயரோடு முடிந்துவிடும். மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கார் பிளஸ் எர்த்தோடு, அதாவது பற்றரியின் பிளஸ் முனை காரின் தகரத்தில் இணைந்தபடி, வந்தது. மைனஸ் எர்த்துக்குச் செய்த மீற்றரை அப்படியே கொடுத்தால் எரிந்துபோகும்.

மூன்றாவது, அதே மொடலின் உயர்ந்த கிரேட்டிலிருந்து கழற்றிய முழு மீற்றர் போர்ட். கிடைத்தால் கம்பனியே போட்டது போல் இருக்கும். பிளக் ஒன்றாக இருந்தாலும் உங்கள் காரின் வயர்க் கட்டில் (ஹார்னஸில்) ஆர்.பி.எம். வயர் இல்லாமல் இருக்கலாம். கொயிலிலிருந்து தனியாக இழுக்க நேரும். ஓடிய தூரமும் மாறிவிடும். பழைய கணக்கைப் படம் எடுத்து வைத்து, காரை விற்கும்போது வாங்குபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பிளக் வயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் மீற்றர் ஐட்ல் வைக்க உதவும், ஓட்டும்போது பார்க்க உதவாது.

இனி வயர். நிறத்தை நம்பாதீர்கள், மீற்றரோடு வரும் தாளைப் பாருங்கள். சாவி போட்டால் மட்டும் வரும் பன்னிரண்டு வோல்ற்றைப் பியூஸ் பெட்டியிலிருந்து எடுங்கள். கொயிலின் பிளஸ்ஸில் எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். முன்னால் ரெசிஸ்டர் உள்ள கார்களில் அங்கே முழு வோல்ற்று இராது. எர்த்தை பெயின்ட் சுரண்டிய தகரத்தில் இறுக்குங்கள். நான் இருப்பது வெள்ளவத்தையில், கடலுக்குப் பக்கம். ஒரு வருடத்திலேயே எர்த் ஸ்குரூ துருப்பிடித்து, இண்டிகேட்டர் போடும் ஒவ்வொரு தடவையும் முள் துள்ளத் தொடங்கியது. சுரண்டி கிரீஸ் பூசியதும் நின்றது.

சிக்னல் வயர்தான் எல்லாவற்றிலும் முக்கியம். முதல் தடவை ஒரு கராஜில் பூட்டக் கொடுத்தபோது, எஞ்சின் அறைத் தகரத்தில் இருந்த ஓட்டையால் றப்பர் வளையம் இல்லாமலே அந்த வயரை விட்டிருந்தார்கள். சில மாதம் கழித்து, மழை நாளொன்றில், பம்பலப்பிட்டிச் சந்தியில் கார் நின்றது. பெற்றோல் வந்தது, பற்றரி நல்லது, பொறி மட்டும் இல்லை. தகர விளிம்பு வயரின் தோலை அறுத்து, உள்ளே இருந்த செம்புக் கம்பி காரின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொயிலின் மைனஸ் எர்த்தாகிவிட்டால் பொயின்ட் திறந்தாலும் பொறி வராது. கொயிலில் அந்த ஒரு வயரைக் கழற்றினேன், உடனே ஸ்டார்ட் ஆனது. மீற்றரின் மற்ற வயர்கள் பழுதானால் மீற்றர் நிற்கும் அல்லது பியூஸ் போகும். இது பழுதானால் கார் நிற்கும். அந்த முனையில் சில நூறு வோல்ற்று துடிப்பு வருவதால் நல்ல தடித்த தோலுள்ள வயர் போட்டு, பிளக் வயர்களை விட்டு விலக்கிக் கொண்டுபோங்கள்.

டீசல் எஞ்சின் உள்ள டொயோட்டா டிஎக்ஸ் வாகன் வைத்திருப்பவர்கள் இதில் எதையும் வாங்க முன் யோசியுங்கள். கொயிலே இல்லாத எஞ்சின் அது. பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டனேற்றரின் டபிள்யூ (W) முனையில் எடுக்கும் டீசல் மீற்றர் என்று கேட்டு வாங்க வேண்டும். ஓல்டனேற்றரைச் சுழற்றும் பெல்ட் ஓடும் புல்லியின் அளவு காருக்குக் கார் மாறுவதால், பின்னால் சரிசெய்யும் ஸ்குரூ இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.