சுவரில் மாட்டிய சான்றிதழ்களை நம்பி முதியோரைச் சேர்க்காதீர்கள்: கட்டண முதியோர் இல்லம் ஒன்றில் எங்களுக்கு நேர்ந்தது

மாதக் கட்டணம் வாங்கி நடத்தப்படும் முதியோர் இல்லம் ஒன்றில் பெற்றோரையோ உறவினரையோ சேர்க்க எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவை நகரை விட்டுச் சற்றுத் தள்ளியிருக்கும் அந்த இல்லத்தில் என் அத்தையைச் சேர்த்தோம். அவருக்கு வயது 78, பிள்ளைகள் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபின் பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடியாத நிலை. நான்கு மாதம் கழித்து அவரை அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நாங்கள் கட்டிய முன்பணம் மூன்று லட்சம் இன்றுவரை திரும்பவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் இல்லத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

அந்த இல்லத்தின் வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ்கள். அவற்றைக் காட்டித்தான் நிர்வாகி, "எல்லாமே கவர்மென்ட் அப்ரூவ்டு சார், அதிகாரிங்களே வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க" என்று சொன்னார். அந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்பதை இப்போது வரிசையாகச் சொல்ல முடியும். முதலாவது, சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளை ஆவணம் பதிவான சான்று. அறக்கட்டளை ஒன்று இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அடுத்த இரண்டும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி, 80ஜி பிரிவுகளின் கீழ் பெற்றவை. ஒன்று அறக்கட்டளையின் வருமானத்துக்கான வரிவிலக்கைப் பற்றியது, மற்றது நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வரிச்சலுகையைப் பற்றியது. பொன்னிற முத்திரையுடன் பளபளத்த ஐஎஸ்ஓ சான்றிதழைத் தனியார் நிறுவனம் ஒன்று கொடுத்திருந்தது. நிர்வாக நடைமுறைகள் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுக்கப்படும் அந்தச் சான்று, படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. கடைசியாகச் சமையலறைக்கான உணவுப் பாதுகாப்பு உரிமம். அதிலுள்ள 14 இலக்க எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம் என்பதால், சுவரில் இருந்தவற்றுள் உருப்படியானது அது ஒன்றுதான் என்று சொல்வேன்.

இருந்தே ஆக வேண்டிய சான்று அந்தச் சுவரில் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009இல் வந்தன. முதியோர் இல்லம் நடத்துவோர் மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாக விண்ணப்பித்து இல்லத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது செய்திக்குறிப்பு வெளியிடுகிறார்கள். நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது அந்தப் பதிவுச் சான்றை. அது இன்னும் நடப்பில் இருக்கிறதா, எத்தனை பேர் தங்க அனுமதி, உண்மையில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பவற்றை. அறக்கட்டளைப் பதிவைக் காட்டி "பதிவு பெற்ற இல்லம்" என்று சொல்வது எவ்வளவு பரவலான வழக்கம் என்பது, அதன்பின் வேறு சில இல்லங்களை விசாரித்தபோதுதான் தெரிந்தது. கட்டண இல்லங்களின் பராமரிப்புத் தரத்தை நாடு முழுவதற்கும் ஒரே சீராக வரையறுக்கவும் பதிவைக் கட்டாயமாக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகமானது. அது சட்டமாகவில்லை. ஆகவே இன்றைக்கு ஓர் இல்லத்தின் தரம் பெரும்பாலும் அதை நடத்துபவரின் மனச்சாட்சியையும், போய்வரும் உறவினரின் கண்ணையும் நம்பியே இருக்கிறது.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள் என்று நிர்வாகி சொன்னது பொய்யில்லை. அத்தை அங்கிருந்தபோதும் ஒருமுறை ஆய்வு நடந்தது. ஆய்வுக்கு முந்தின நாளே புதுப் படுக்கை விரிப்புகள் வெளியே வந்தன. நடக்கக்கூடியவர்கள் எல்லோரையும் காலையிலேயே குளிப்பாட்டி, நல்ல சேலை கட்டவைத்துக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தார்கள். படுக்கையாகக் கிடந்தவர்கள் இருந்த பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். வந்தவர் மரியாதையானவர், பெயர் கேட்டு, சாப்பாடு சரியாக இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டபோது நிர்வாகி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "ஏன் அத்தை நீங்க எதுவும் சொல்லலை?" என்று நான் கேட்டதற்கு, "அவர் கேட்டுட்டுக் கார்ல ஏறிப் போயிருவாரு கண்ணு, நான் ராத்திரிக்கும் இங்கதானே படுக்கோணும்" என்றார். முன்னறிவிப்போடு, பகல் பதினொரு மணிக்கு, நிர்வாகியின் முன்னிலையில் நடக்கும் ஆய்வு எதைக் காணும், எதைக் காணாது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லிவிடாது.

காகிதத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு பதிவேடு எனக்குக் கற்றுக் கொடுத்தது. தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் மாற்றப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிட, கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கும். பொசிஷன் சார்ட் என்பார்கள். ஒரு நாள் பிற்பகல் மூன்றேகால் மணியளவில் நான் போனபோது, அத்தையின் அட்டையில் மாலை 4, 6, 8, இரவு 10 என்று தொடங்கி மறுநாள் காலை 6 மணி வரை எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. வலம், இடம், மல்லாக்க, மறுபடி வலம் என்று ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சுருக்கொப்பம். அந்தச் சுருக்கொப்பத்துக்கு உரிய பெண் அந்த வாரம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார் என்பது வாசலில் விசாரித்ததில் தெரியவந்தது. அட்டையைப் படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் புகாரில் இன்றுவரை மறுக்க முடியாத ஆவணமாக நிற்பது அந்தப் படம்தான்.

அட்டை சொன்னபடி அத்தை அப்போது இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். அவர் மல்லாக்கக் கிடந்தார். மாதம் 1,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு போட்டிருந்த காற்றுப் படுக்கையின் மோட்டார் சுவிட்ச் அணைந்திருந்தது. குழாய் கட்டில் காலில் மடங்கி நசுங்கியிருந்தது. (அது ஓடிக்கொண்டே இருந்திருந்தாலும் பக்கம் மாற்றும் வேலை மிச்சமாகாது என்று பின்னால் மருத்துவர் சொன்னார்.) குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். விரலால் அழுத்தினால் நல்ல தோல் ஒரு கணம் வெளுத்துப் பின் சிவக்கும். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் முதல் நிலை. புட்டத்துக்கு மேலே, முதுகெலும்பு முடியும் இடத்தில் அந்த நிலை எப்போதோ தாண்டிப் போயிருந்தது. அங்கே பவுடர் கொட்டியிருந்தார்கள். நனைந்த டயப்பரை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் தோல் ஊறிப்போய், புண் இன்னும் விரைவில் ஆழமாகும். பார்க்கப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்துப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். தயவுசெய்து போர்வையை விலக்கிக் குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். பார்க்க விடவில்லையென்றால் அதுவே பதில்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியபோது மருத்துவமனைச் சீட்டில் அவர் எடை 54 கிலோ. நான்கு மாதம் கழித்து 47. ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்தோ, ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பத்தோ எடை குறைந்தால் உடனே காரணம் தேட வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தில் பொதுவாகக் கொள்ளும் அளவு. அந்த இல்லத்தில் எடை பார்க்கும் கருவி இருந்தது, எழுதிவைக்கும் வழக்கம்தான் இல்லை. காரணமும் மர்மமானதில்லை. எல்லோருடைய பல்செட்டையும் இரவில் கழற்றி ஒரே பேசினில் போட்டு ஊறவைத்துக் கழுவியிருக்கிறார்கள்; காலையில் எது யாருடையது என்ற குழப்பத்தில் அத்தைக்கு வேறொருவருடையது போய்ச் சேர, ஈறு புண்ணாகி, அவர் பல்செட் போடுவதையே விட்டிருக்கிறார். அதன்பின் மூன்று வேளையும் கஞ்சி. பட்டியலில் சப்பாத்தி, குருமா, வாரம் இருமுறை முட்டை என்றிருந்ததற்கு நாங்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

இரவுதான் எல்லாவற்றிலும் மோசம். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இரவில் இரண்டே ஆயாக்கள். வெள்ளைச் சீருடையில் "நர்ஸ்" என்று அறிமுகம் செய்யப்பட்டவர்களில் ஒருவரிடம்கூடத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. உண்மையான செவிலியர் அதைச் சொல்லத் தயங்க மாட்டார். கட்டிலருகே இருந்த அழைப்பு மணியின் கயிற்றை, கைக்கு எட்டாதபடி சன்னல் கம்பியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எட்டு மணிக்கு எல்லோருக்கும் "ஒரு சின்ன மாத்திரை" கொடுக்கப்படுவதாக ஓர் ஆயா தயங்கித் தயங்கிச் சொன்னார். அத்தையின் மருந்துப் பையில் கிடந்த மாத்திரை அட்டை அல்பிரசோலம். அவருக்கு எந்த மருத்துவரும் அதை எழுதித் தந்ததில்லை. முதியவர்களைத் தடுமாறி விழவைக்கக்கூடிய, தூக்கத்தை வரவழைக்கும் பதற்றத் தணிப்பு மருந்து அது. மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் வருவதால், அதை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். எனவே மாதாமாதம் மருந்துக் கணக்கு என்று ஒரு தொகை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். கடை ரசீதையும் மருந்துச் சீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

அத்தையை மருத்துவமனையில் சேர்த்தபின் அறையைக் காலி செய்துகொள்வதாக எழுதிக் கொடுத்து முன்பணத்தைக் கேட்டோம். அப்போதுதான் ஏமாற்றின் இரண்டாம் பாகம் தொடங்கியது. "அது டெபாசிட் இல்லைங்க சார், நன்கொடை. ரசீதைப் பாருங்க" என்றார் நிர்வாகி. ஒப்பந்தத்தில் "திரும்பத் தரத்தக்க முன்பணம்" என்று இருக்கிறது. சேர்ந்து சில நாள் கழித்துத் தபாலில் வந்த ரசீதிலோ "கட்டட நிதிக்கு நன்கொடை" என்று அச்சிட்டிருக்கிறது. மாதக் கட்டணத்திலும் பாதிக்கு இதே வகை ரசீதுதான். இதில் அவர்களுக்கு இரட்டை லாபம்: கணக்கில் நன்கொடை, கேட்பவரிடம் "தானமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா?" என்ற பேச்சு. ஆனால் அறைக்கும் பராமரிப்புக்கும் ஈடாகக் கொடுத்த பணம் நன்கொடையாகாது. 80ஜி சலுகை பிரதிபலன் எதிர்பாராமல் கொடுப்பதற்கே உரியது, அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகையே கிடையாது. எங்களுக்குக் கைகொடுத்தது, "டெபாசிட் மூன்று லட்சத்தை இந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள்" என்று நிர்வாகியே அனுப்பிய வாட்ஸப் செய்தியும் அதே நாளில் வங்கி வழியாகப் பணம் போன பதிவும். ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு இந்தப் பிடியும் இருக்காது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க முடிந்தது. இல்லம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. "வசிப்பவருக்கு ஏற்படும் எந்த உடல்நலக் கேட்டுக்கும் நிர்வாகம் பொறுப்பேற்காது" என்பது போன்ற ஒருதலை நிபந்தனைகளை நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியே எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னதால், சேவைக் குறைபாடு, முன்பணம் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். பராமரிப்பு பற்றிய புகாரை மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். முதியோருக்கான 14567 உதவி எண்ணிலும் பதிந்தோம். அவர்கள் உடனே திரும்ப அழைத்து விவரம் கேட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதன்பின் சமூக நல அலுவலகத்திலிருந்து முன்னறிவிப்பின்றி ஒருவர் போய்ப் பின்கட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அறிக்கை இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. இல்லத் தரப்பு ஆணையத்தில் கொடுத்த பதிலில், கட்டில் அட்டை தங்களுடையதல்ல என்கிறார்கள். படத்தில் இல்லத்தின் முத்திரை தெரிகிறது.

அத்தை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். முதுகுப் புண் ஆற இன்னும் சில மாதம் ஆகும் என்கிறார்கள். அதே வகை ரசீதுகளை வைத்துக்கொண்டு பணத்தை விட்டுவிட்டவர்கள் கோவைப் பக்கம் மட்டுமே பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். புகார் எழக் காரணமான நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். இணைய வழியே இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். ஒப்பந்தம், ரசீது, வங்கிப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு நான்கையும் முதலில் ஒன்றுசேர்த்து, நாள் கடந்துவிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.