1,200 ரூபாய் ஹைட்ரோமீற்றர்: இரண்டு வருசப் பாவனைக்குப் பிறகு

கும்புறுபிட்டியில் எங்கட வெங்காயத் தோட்டத்துக்கு இன்னும் கரண்ட் கம்பி வரவில்லை. அங்குள்ள வாடிக்கு சோலர்தான் துணை. கூரையில் இரண்டு பனல், உள்ளே 12 வோல்ற் 150 ஆம்ப் அவர் ரியூபுலர் பற்றரி (தண்ணி ஊற்றுகிற வகை) இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ற். இரண்டு பல்ப், ஒரு ஃபான், றேடியோ, போன் சார்ஜ், அவ்வளவுதான் பாரம்.

இதற்கு முந்தின சோடி இரண்டரை வருசத்தில் செத்துப்போனது. பூட்டித் தந்தவர் "ஒண்டும் பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார், நானும் மூடியைக் கழற்றவே இல்லை. ஒருநாள் திறந்தால் தண்ணி வற்றித் தகடு வெளியே தெரிகிறது. பதறிப்போய்க் கிணற்றுத் தண்ணியை ஊற்றினேன். எங்கட கிணறு கடலுக்குக் கிட்ட, சவர்.

செத்த பற்றரியை விற்கப் போன இடத்தில், பட்டறை நானா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி எங்கத்தையான்?" என்றார். சொன்னேன். "அப்ப நீங்க பற்றரிக்கு உப்புக்கண்டம் போட்டிருக்கீங்க தம்பி." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, புதுசு வாங்கினால் கூடவே பற்றரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீற்றரும் வாங்கச் சொன்னார். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மோட்டர் சாமான் கடையில் எடுத்தேன்.

கண்ணாடிக் குழாய், தலையில் றப்பர் குமிழ், அடியில் மெல்லிய றப்பர் வால், உள்ளே ஒரு மிதவை. குமிழை அமத்தி, வாலைப் பற்றரியின் ஆறு அறைகளில் ஒன்றுக்குள் விட்டு, மெல்ல விட்டால் அமிலம் ஏறும், மிதவை எழும்பும். அமிலத்தின் மட்டம் மிதவையில் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அடர்த்தி. நிறையச் சார்ஜ் என்றால் 1.265க்குக் கிட்ட நிற்க வேண்டும். 1.190க்கு வந்துவிட்டால் பாதிதான் மிச்சம்.

நாலாம் மாதம்தான் இதன் அருமை விளங்கியது. இன்வேட்டரில் நாலு பச்சை லைற்றும் எரிகிறது, விடியக் காலை வோல்ற் மீற்றர் 25.2 காட்டுகிறது. யாருக்குச் சந்தேகம் வரும்? பன்னிரண்டு அறையையும் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்தேன். பதினொன்று 1.260, 1.265. வலப்பக்கப் பற்றரியின் மூன்றாவது அறை மட்டும் 1.200. வோல்ற் மீற்றர் எல்லா அறையையும் சேர்த்துக் கூட்டிச் சொல்கிறதால் ஒரு நோஞ்சானை அது காட்டிக் கொடுக்காது.

நானாவிடம் கேட்டு, நல்ல வெயில் நாளில் சோலர் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கொன்ட்ரோலரை 31 வோல்றுக்கு ஏற்றி, அந்த நோஞ்சான் அறையும் நிறைய, மூன்று மணித்தியாலம் அமிலத்தைக் குமிழி விட்டுக் கொதிக்க விட்டேன். கதவு, யன்னல் எல்லாம் திறந்து, விளக்கும் பீடியும் தூரத்தில். அந்த நேரம் கிளம்புகிற ஐதரசன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். அடுத்த நாள் விடிய அதே அறை 1.240.

ஒரு பிழை விட்டேன், நீங்கள் விடாதீர்கள். தண்ணி ஊற்றின கையோடு அளந்தால் 1.100 காட்டும், நெஞ்சு அடைத்துவிடும். ஊற்றின தண்ணி மேலேயே நிற்கிறது, சார்ஜ் ஏறிக் கலங்கினால்தான் கணக்குச் சரிவரும். சூட்டையும் பார்க்க வேண்டும். கச்சான் வீசுகிற ஆடியில் மத்தியானம் பற்றரி 37 பாகைக்கு ஏறும், அப்போது காட்டுகிறதோடு 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். பத்துப் பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பார்கள், அதனால் தகரக் கூரைக்குக் கீழே இருந்ததைக் கிடுகுப் பக்கம் மாற்றிவிட்டேன். கச்சான் காலத்தில் பற்றரித் தண்ணி (காய்ச்சி வடித்தது) மூன்று கிழமைக்கு ஒருக்கா கேட்கிறது. நிலாவெளி ஹோட்டலில் வேலை செய்கிற மச்சான் ஏசியில் வடிகிற தண்ணியைச் சும்மா தருகிறேன் என்றார். தூசும் செம்பும் கலந்த தண்ணி, வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு சோடி பறிபோனது போதும்.

சாமானில் குறை இல்லாமல் இல்லை. மிதவை அடிக்கடி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், நிமிர்த்திப் பிடித்து விரலால் தட்ட வேண்டும். கோடுகள் பொடி எழுத்து, கண்ணாடி போடாமல் எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் தமிழில் ஒரு வரி இல்லை. றப்பர் வால் பதினாலாம் மாதம் வெடித்தது, பாமசியில் வாங்கின சேலைன் குழாயை வெட்டிப் போட்டு ஓட்டுகிறேன். வாலில் இருந்து சொட்டுகிற ஒரு துளி போதும், அடுத்த முறை தோய்க்கும்போது சாரத்தில் ஓட்டை. மூன்று சாரம் போயிற்று, மனிசி இப்போது அதற்கென்று கிழிந்த ஒன்றை ஆணியில் கொழுவி வைத்திருக்கிறா.

சீல் பண்ணின பற்றரி, லித்தியம் வைத்திருக்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம், உறிஞ்ச அங்கே வழி இல்லை. மூடி கழற்றுகிற பற்றரி என்றால் இன்வேட்டர் வாங்குகிற அன்றைக்கே இதையும் வாங்குங்கள்.

நேற்று விடிய மூன்றாவது அறை 1.250. மாரி இருட்ட முன்னம் இன்னொருக்காக் கொதிக்க விடவேண்டும்.