திராட்சைக்குப் பந்தலா, கம்பியா?

வீட்டுத் தோட்டத்தில் திராட்சை என்றதும் மனதில் வருவது பந்தல்தான். நானும் ஏழடி உயரத்தில் பந்தல் போட்டு அதில் பன்னீர் திராட்சையை ஏற்றி, ஆறு வருடம் வைத்திருந்தேன். பிறகு பந்தலைப் பிரித்துவிட்டு அதே கொடியைச் சுவரோரம் கம்பியில் படரவிட்டேன். கம்பிக்கு வந்து இது நான்காவது வருடம். ஒரே கொடியை இரண்டு விதமாகவும் வளர்த்துப் பார்த்ததில், என் ஓட்டு கம்பிக்குத்தான்.

பந்தலுக்கு உள்ள பெருமைகள் தெரிந்தவைதான். கீழே நிழல் கிடைக்கும். வேகமாக ஓடும் கொடிக்குத் தாராளமாக இடம் இருக்கும். கொத்துகள் இலைக்கு அடியில் தொங்குவதால் உச்சி வெயில் சுடாது. கம்பிக்கு இடமும் செலவும் குறைவு, பறவைக்கு வலை போடுவதும் சுலபம். இதையெல்லாம் வைத்து மட்டும் முடிவெடுத்தால் பந்தலே ஜெயித்துவிடும். எனக்கு முடிவை மாற்றியது கவாத்து, அதாவது பருவத்துக்குப் பருவம் குச்சிகளை வெட்டிவிடும் வேலை.

போன பருவத்தில் வளர்ந்து முதிர்ந்த குச்சியிலிருந்து இந்தப் பருவம் கிளம்பும் தளிரில்தான் திராட்சை காய்க்கும். பழைய கட்டையிலிருந்து நேராக வரும் தளிரில் பெரும்பாலும் வெறும் இலைதான். அதனால் ஒவ்வொரு கவாத்திலும் போன பருவ வளர்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கை வெட்டி எடுத்துவிட வேண்டும். புதிதாக வளர்ப்பவருக்கு இதற்கு மனசே வராது. இன்னொன்றும் உண்டு. அடுத்த பருவத்துப் பூங்கொத்தின் கரு இந்தப் பருவத்திலேயே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. அப்போது அந்த மொட்டுக்கு வெளிச்சம் வேண்டும். இந்த வருடம் அடர்ந்து கிடந்த கொடி அடுத்த வருடக் காய்ப்பையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

பந்தலில் எனக்கு நடந்தது இதுதான். ஸ்டூலில் ஏறி அண்ணாந்து நின்றால் உரிந்த பட்டைத் தூள் கண்ணில் விழும். வானத்து வெளிச்சத்துக்கு எதிரே எல்லாக் குச்சியும் ஒரே கறுப்பாகத் தெரியும். எது போன வருடத்தது, எது அதற்கும் முந்தையது என்று பிரித்துப் பார்க்க முடியாது. பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும். கை எட்டிய இடத்தில் வெட்டுவேன், எட்டாததை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவேன். நான்காம் வருடம் பந்தலின் நடுவில் ஒரு கொத்துகூட இல்லை, ஓரங்களில் மட்டும் காய்த்தது. ஐந்தாம் வருடம் சாம்பல் நோய் வந்து பிஞ்சுகள் மேல் வெள்ளைத் தூள் படிந்தது. கந்தகம் தெளித்தும் அது அந்த அடர்த்திக்குள் போய்ச் சேரவில்லை. வெப்பப் பகுதிகளில் கொடி உறங்குவதே இல்லை என்பதால் வருடத்துக்கு இரண்டு கவாத்து. அங்கே பந்தல் வைத்திருப்பவர் இந்தப் பாட்டை இரண்டு தடவை பட வேண்டும்.

இப்போது கம்பி. அடிக்கம்பி என் இடுப்புக்குச் சற்று மேலே, மூன்றடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஓரடி இடைவெளியில் இன்னும் இரண்டு கம்பிகள். தண்டிலிருந்து இடமும் வலமுமாக நாலடி நீளத்தில் இரண்டு கைகள், அதாவது நிரந்தரக் கிளைகள், அடிக்கம்பியில் படுத்திருக்கின்றன. ஒவ்வொரு கையிலும் அரையடிக்கு ஒன்றாக எட்டு முளைகள், அதாவது குட்டையாக வெட்டிவிட்ட குச்சிகள், வைத்திருக்கிறேன். கவாத்தின்போது முளைக்கு இரண்டு மொட்டு விடுவேன். ஆக மொத்தம் முப்பத்திரண்டு மொட்டு, நின்ற இடத்திலேயே எண்ணிவிடலாம். மறு வருடம் ஒவ்வொரு முளையிலும் இரண்டு குச்சி நிற்கும். மேல் குச்சியை அடியோடு எடுத்துவிட்டு, கீழ்க் குச்சியை மறுபடி இரண்டு மொட்டுக்கு வெட்ட வேண்டும். எப்போதும் கீழ்க் குச்சியையே வைத்துக்கொண்டால்தான் முளை கையை விட்டு விலகிப் போகாது. பந்தலில் கோட்டை விட்டது இதைத்தான். இப்போது முழுக் கவாத்தும் ஒரு மணி நேர வேலை. வெட்டிய இடத்தில் சில சமயம் நீர் சொட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம், தானாக நின்றுவிடும்.

கம்பியிலும் வேலை உண்டு. தளிர் ஓடும் மாதங்களில் பத்து நாளைக்கு ஒருமுறை மேல்கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும், உச்சியைத் தாண்டியதைக் கிள்ள வேண்டும். கொத்தைச் சுற்றியுள்ள இலைகளில் சிலவற்றை எடுத்தால் காற்றோட்டம் வரும். மேற்கு வெயில் படும் பக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். முதல் வருடம் அங்கே இலையைக் கிள்ளி, காய்கள் வெந்துபோய் பழுப்பேறியதைப் பார்த்தேன்.

தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாத் திராட்சை போன்ற ரகங்களில் அடி மொட்டுகள் காய்ப்பது அரிது. அவற்றில் இரண்டு மொட்டுக்கு வெட்டினால் கொடி ஏமாற்றிவிடும், எட்டுப் பத்து மொட்டுள்ள நீளக் குச்சியாகவே விட வேண்டும். அதையும் கம்பியில் படுக்க வைத்துக் கட்டலாம் என்றாலும் நான் கைப்பட வளர்த்தது பன்னீர் மட்டும்தான்.

பந்தலில் நன்றாக வளர்க்கவே முடியாதா என்றால், முடியும். இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட ஒரே கொடி, கண்ணாடிக் கூரைக்குக் கீழே படர்ந்து இன்னும் காய்க்கிறது. அது பிளாக் ஹாம்பர்க், நம் பன்னீர் திராட்சையின் பெற்றோரில் ஒன்று. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளவென்றே தனியாக ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அளவு நேரமும் நல்ல ஏணியும் உள்ளவர் தாராளமாகப் பந்தல் போடலாம்.

ஏற்கெனவே பந்தலில் இருக்கும் கொடியைக் கம்பிக்கு இறக்க முடியும். ஒரு வருடக் காய்ப்பை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். தண்டின் கீழ்ப்பகுதியில் கிளம்பும் வலுவான தளிர் ஒன்றை வளரவிட்டு, அது முதிர்ந்த பிறகு அதற்கு மேலுள்ள தண்டை வெட்டிவிடுங்கள். ஒட்டுச் செடியாக இருந்தால் ஒட்டுக்கு மேலே வந்த தளிரா என்று மண்ணை விலக்கி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்குக் கீழே வருவது வேர்ச்செடியின் தளிர், அதில் பன்னீர் காய்க்காது.