பழைய பேனலைக் குட்டியானையில் ஏற்றிவிடாதீர்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் மோல்டு செய்து கொடுக்கும் சின்ன ஷெட் எங்களுடையது. நான்கு வருடம் முன்பு ஏலத்தில் ஒரு விஎம்சி எடுத்தோம், கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் மெஷின். 1994 மாடல், மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர் ஃபேனக் 0-எம் கன்ட்ரோல். அடிப்பாகமான பெட்டும், பாகங்கள் நகரும் தடமான கைடுவேயும் இன்னும் கல் மாதிரி இருந்தன. கன்ட்ரோலுக்குத்தான் வயதாகிவிட்டது. திரை மங்கிவிட்டது, மழைக்காலம் வந்தால் அலாரம் மேல் அலாரம்.

ரெட்ரோஃபிட், அதாவது பழைய மெஷினுக்குப் புது கன்ட்ரோல் போடும் வேலை, செய்து தருவதாக வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். பேர் எழுதவில்லை, எங்களிடம் வேலை பார்த்த காலத்திலேயே விசிட்டிங் கார்டை இரண்டு முறை மாற்றியவர் அவர். புது கன்ட்ரோல், மூன்று ஆக்சிஸுக்கும் (மூன்று திசை அசைவுக்கும்) புது சர்வோ மோட்டாரும் டிரைவும், எல்லாம் சேர்த்து 6.5 லட்சம் என்றார். "பில் வேண்டாம்னா 18 பர்சன்ட் மிச்சம்ணே." தலையாட்டினேன். அது என் தப்பு, மறைக்கவில்லை.

மூன்றாம் நாளே வாசலில் குட்டியானை வந்து நின்றது. "பழைய பேனல் எதுக்குண்ணே இடத்தை அடைச்சுக்கிட்டு? நானே எடுத்துட்டுப் போயிடறேன்." டிரைவ், மோட்டார், போர்டு எல்லாமே போயின. பேனல் கதவின் உள்பக்கம் இருந்த பாராமீட்டர் தாளும், அதாவது அந்த மெஷினுக்கான செட்டிங் எண்கள் எழுதிய தாளும், கதவோடு போய்விட்டது. 0-எம் கன்ட்ரோலில் பாராமீட்டர் எல்லாம் பேட்டரியை நம்பித்தான் நினைவில் நிற்கும். டார்ச் லைட்டுக்குப் போடுவது போன்ற மூன்று பெரிய செல், அவ்வளவுதான். அது தீர்ந்தால் திரும்ப ஏற்ற அந்தத் தாள் வேண்டும். அந்தப் பழைய போர்டுகளுக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் நல்ல விலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டிரையல் அன்று மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டினார். மேலும் கீழும் போகும் இசட் ஹெட் அசையாமல் நின்றது. "பாருங்கண்ணே, பிரேக் பக்கா." எமர்ஜென்சி பட்டனை அழுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. 5 லட்சம் வரை கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மோல்டில் ஒரு கேவிட்டி (குழி) வெட்டும்போது டூல் கிளாம்பில் இடிக்கப் போனது. தம்பி எமர்ஜென்சியை அடித்தான். ஹெட் நிற்காமல் 'தொப்'பென்று இறங்கி, வெட்டும் டூலான எண்ட்மில்லை மோல்டுக்குள் குத்திவிட்டது. சின்ன மெஷின், ஹெட்டின் எடையைச் சமன் செய்யும் கவுன்டர்வெயிட் கிடையாது. ஹெட்டைத் தாங்குவது மோட்டாரும் அதிலுள்ள பிரேக்கும்தான். பிரேக்குக்கு 24 வோல்ட் கொடுத்தால் விடும், எடுத்தால் பிடிக்கும். இந்த ஆள் சப்ளையிலிருந்து நேராக ஒயரை இழுத்து விட்டிருந்தார். மெயினை அணைத்தால் 24 வோல்ட்டும் போய்விடும், பிரேக் பிடிக்கும். எமர்ஜென்சியில் சர்வோ மட்டும் ஆஃப் ஆகும், பிரேக் திறந்தே கிடக்கும். இசட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, டிரையலிலேயே எமர்ஜென்சியை அழுத்தியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அடிபட்டது மோல்டு. தம்பியின் கை அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

போன் செய்தேன். பாக்கியைக் கொடுத்தால் வருவதாகச் சொன்னார். சரி செய்தால்தான் பாக்கி என்றேன். அப்புறம் போனையே எடுக்கவில்லை. புது கன்ட்ரோலில் மெஷின் ஓட ஆரம்பித்து 60-ஆவது நாள் காலை, ஹோம் என்கிற தொடக்க இடத்துக்கே அது போகவில்லை. திரையில் 'சர்வீஸுக்கு அழைக்கவும்' என்று ஒரு வரி மட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து வேறொருவரை வரவழைத்தேன். முதலில் வந்த ஆள், மெஷினின் சுவிட்ச் வேலைகளைக் கவனிக்கும் பிஎல்சியில் நாள் எண்ணும் டைமர் வைத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார் என்றார். ஒயரிங் டிராயிங் கிடையாது, லேடர் என்கிற பிஎல்சி புரோகிராமின் பேக்கப் கிடையாது. பழையதற்கே திரும்பலாம் என்றால் பேனலும் இல்லை. லேடரைப் புதிதாக எழுத 70,000 ரூபாய் ஆனது. பிரேக் வேலைக்கு ஒரு ரிலே, அரை மணி நேரம்.

பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார் வக்கீல். அடுத்து பில்லைக் கேட்டார். நான் எதைக் கொடுப்பது?

இப்போது மெஷின் ஓடுகிறது. ஸ்பிண்டில் ஓரியன்டேஷன், அதாவது டூலைச் சுழற்றும் தண்டு சரியான கோணத்தில் நிற்பது, இன்னும் செட் ஆகவில்லை, அதனால் டூலைத் தானாக மாற்றும் டூல் சேஞ்சர் சும்மா நிற்கிறது. டூலைக் கையால்தான் மாற்றுகிறோம்.

போன வாரம் அதே ஆள் பக்கத்துத் தெரு ஷெட்டில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். நேரில் போய் அந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் மெஷினின் பாராமீட்டர் பக்கங்களை ஒன்று விடாமல் போனில் படம் எடுத்துக்கொண்டார். லேடர், பாஸ்வேர்டு, டிராயிங் மூன்றும் கைக்கு வராமல் கடைசித் தவணை கிடையாது என்று எழுதிக் கேட்டாராம். அந்த ஆள் அதற்கப்புறம் வரவில்லை.